கீழே விழுந்த இசட்

ஒரு வீட்டு அலமாரியில், எழுத்துகளை அடுக்கி வார்த்தை சேர்த்து பாயிண்ட் எடுக்கும் விளையாட்டின் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஆங்கில எழுத்துகள் சின்னச் சின்ன மரக்கட்டைகளாகக் குடியிருந்தன. அவற்றில் இசட்டுக்குத் தலைக்கனம் அதிகம். பின்னே, பத்து பாயிண்ட் ஆயிற்றே! ஒரே பாயிண்ட் பெறும் ஏ பக்கத்தில் வந்து நின்றாலே முகத்தைச் சுளிக்கும்.

வீட்டு அம்மா ஜெயசீலி, டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் பேசித் தீர்த்தவர். ஆட்டத்தில் கைக்கு வரும் ஏழு கட்டைகளில் இசட் இருந்தால் முதலில் அதைத்தான் தூக்குவார். அதை வைத்தே நீளமாக ஒரு வார்த்தை கண்டுபிடித்து, கணவர் ஞானதாசனைத் திணறடிப்பார். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வார்த்தையை அடுக்கினால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் செல்லும்.

பக்கவாதம் வந்து ஜெயசீலிக்குப் பேச்சு போய் மூன்று மாதமாகிறது. ஞானதாசன் விடவில்லை. தினமும் நாலு மணிக்கு ஏழு கட்டைகளை அவர் முன்னால் நிறுத்துவார்.

"மெதுவா, சீலி. எனக்கு என்ன அவசரம்?"

அன்றும் ஜெயசீலியின் விரல் பழைய பழக்கத்தில் இசட்டுக்கே போனது. எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. கண் கலங்கியது.

"அண்ணே, நாங்களும் இங்கேதான் நிக்கிறோம்," என்றது ஏ மெல்ல. "உங்களைத் தாண்டி அவங்க கண்ணு எங்ககிட்ட வர மாட்டேங்குது."

"நான் இல்லாம ஒரு வார்த்தையா?" என்று சீறிய இசட், அந்த விரலைப் பார்த்தது. இத்தனை வருஷம் தன்னைத் தேடித் தேடி எடுத்த விரல். அதன்மேல் இசட்டுக்கு உயிர்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் சாய்ந்தது. தரையில் விழுந்து மேஜைக்கடியில் போய்க் கிடந்தது.

மிச்சக் கட்டைகளை ஜெயசீலி வெகுநேரம் பார்த்தார். டி-யை நகர்த்தினார். பிறகு இ. பிறகு ஏ. உதடு ஒரு பக்கம் கோணியது.

"டீ."

ஞானதாசன் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "டீயா? டீ வேணுமா? இதோ, இப்பவே போடுறேன்! இன்னொரு தடவை சொல்லும்மா!"

"டீ," என்றார் ஜெயசீலி, கொஞ்சம் அதிகாரமாகவே.

மேஜைமேலிருந்து ஏ எட்டிப் பார்த்தது. "அண்ணே, அடி பலமா?"

"ஸ்ஸ்," என்றது இசட். "நீ பேசாதே. அவங்க பேசட்டும்."