பெள்ளனுக்கு அடித்த சாவுமேளம்

மசினி காலையிலிருந்தே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். பெள்ளன் தன் புல்லாங்குழலைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டானாம். "எனக்கு இனி எதுக்கு?" என்றானாம்.

பத்தொன்பது வயதுக்காரன். மலைக்குக் கீழே விடுதியில் தங்கிப் படிக்கப் போனவனை, மலைக்காரன் மலைக்காரன் என்று கேலி பேசியே விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்தவன் போன மழைக்காலத்தில் சாகத் துணிந்தான். ஆஸ்பத்திரி அவன் உடம்பை மட்டும் மீட்டுக் கொடுத்தது.

அப்படி அடிபட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்காகத்தான் மசினி மாலைதோறும் ஊர்க்களத்தில் பாட்டும் ஆட்டமும் நடத்தினாள். அவளும் அந்த விடுதிச் சோறு தின்று வந்தவள்தான். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வாய் திறந்துவிட்டது. பெள்ளன் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

மேளக்காரர் ரேசன்தான் அவளுக்கு ஆசான். அவர் களத்தில் மேளத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடிப் பாத்துட்டேன். ஆடாத ஆட்டம் இல்ல. அவனைப் பிடிச்சு நிறுத்த நம்மகிட்ட இன்னும் என்னதான் இருக்கு?"

"ஒண்ணு இருக்கு. அவன் எங்க?"

"அந்தா, பாறைமேல."

ரேசன் மேளத்தைத் தோளில் மாட்டி, கையால் ஓங்கி அடித்தார்.

முதல் அடியிலேயே மசினிக்குத் தெரிந்துவிட்டது. அது சாவுமேளம். சாவு விழாமல் அதை அடிப்பதில்லை. அடித்துவிட்டால் நினைத்தபோது நிறுத்தவும் முடியாது. போனவன் ஊருக்குச் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக யாராவது ஏற்க வேண்டும். கடைசி வேலையும் கைமாறிய பிறகுதான் மேளம் ஓயும். அந்த ஊர் வழக்கம் அது.

"ஆசானே! நிறுத்துங்க!"

ஊரே அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தது.

"யாரு? யாரு போனது?"

"பெள்ளன்," என்றார் ரேசன்.

பெள்ளனின் தாய் அப்படியே மண்ணில் விழுந்தாள். விழுந்த பிறகுதான் பாறைமேல் திகைத்து நின்ற மகன் அவள் கண்ணில் பட்டான். எழுந்து ஓடி அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உசுரோட நிக்கிறவனுக்கா அடிக்கிறே?" ஒருவன் கல்லைக் கையில் எடுத்துவிட்டான்.

மசினிக்கும் அதே ஆத்திரம்தான். ஆசான் என்றுகூடப் பார்க்காமல் மேளத்தைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

"அடிச்சாச்சு," என்றார் ரேசன். "வேலையை எடுங்க."

யாரும் அசையவில்லை. மேளமும் நிற்கவில்லை. பாதியில் நிறுத்தச் சொல்ல, கல்லெடுத்தவனுக்குக்கூடத் துணிச்சல் இல்லை.

கண் மங்கிய மாதி முதலில் வாயைத் திறந்தாள். "விடியறதுக்குள்ள என் பானையில ஊத்துத்தண்ணி நிரப்பி வெச்சிருவான். சொல்லிக்கக்கூட மாட்டான்."

"நான் வெக்கிறேன்," என்றது ஒரு குரல்.

"யானை வந்தா மொதச் சத்தம் அவன்தான் குடுப்பான்."

"நான் குடுக்கிறேன்."

சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது அவர்களுக்கு. உயிரோடு நிற்பவனைப் பார்த்துக்கொண்டே அழுதார்கள். பெள்ளன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

கடைசியில் அவன் அக்காள் புருசன் நஞ்சன் முன்னால் வந்தான். செங்குத்துப் பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறவன். அவன் தொங்கும்போது மேலே கயிற்றைப் பிடிக்க மச்சினன்தான் வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. நஞ்சனுக்கு மச்சினன் வேறு யாரும் கிடையாது.

"என் கயிறு?" என்றான் நஞ்சன்.

ஏற்க ஆள் இல்லாத வேலை அது. ரேசனின் விரல் பிளந்துவிட்டது. ஆனாலும் அடித்தார். மசினி காதைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பிடிக்கிறேன், மாமா."

பெள்ளனின் குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் ஊர் நடுவில் பேசியது அதுதான் முதல் தடவை.

மேளம் நின்றது.

தாய் அவனைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கூட்டம் கலைந்த பிறகு மசினி ரேசனிடம் வந்தாள்.

"அந்த அம்மா நெஞ்சு வெடிச்சுச் செத்திருந்தா? சாவுமேளத்துல விளையாடலாமா ஆசானே?"

ரேசன் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டார்.

"எத்தனையோ பேருக்கு இதை அடிச்சிருக்கேன் அம்மிணி. யாருக்கு அடிச்சேனோ, அவங்கள்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் இதைக் காதால கேட்டதில்ல."