பட்டியலில் நிற்கும் பெயர்

திண்டிவனத்தில் லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளத்தைச் சொல்லித் தருகிற சுடர்மதியை எல்லோரும் குருவம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாணவர்களில் மூத்தவர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மகன் அமுதன் பைக் விபத்தில் போன பிறகு, அவனுடைய லேப்டாப்பை இயக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்.

ஒரு நாள் மத்தியானம் அந்த லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"குருவம்மா, இது சாக மாட்டேங்குது."

"எது?"

"பையன் ஆடுற கேம். மூடிட்டேன், படமும் போயிடுச்சு. ஆனா ஓடுறதையெல்லாம் காட்டுற பட்டியல்ல பேரு மட்டும் நிக்குது. நிறுத்தச் சொல்ற 'கில்' கட்டளையைப் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சுபோச்சு."

"மெஷினை அணைச்சுப் போட்டா போயிடுமே ஐயா."

"அவன் போனதிலிருந்து நான் அதை அணைச்சதே இல்லம்மா."

குருவம்மா தானும் ஒருமுறை கில் கொடுத்துப் பார்த்தார். பெயர் அசையவில்லை. நினைவகம், வேலை என்று அதற்கு நேராக எல்லாமே பூஜ்யம். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, எதையும் செய்யவில்லை, சும்மா இருந்தது. பார்க்கவே என்னவோ போலிருந்தது.

"இது ஏற்கெனவே செத்துடுச்சு ஐயா. செத்ததை எப்படிக் கொல்றது?"

"அப்ப பேரு ஏன் நிக்குது?"

"இங்கே ஒவ்வொரு புரோகிராமையும் இன்னொண்ணுதான் தொடங்கி வைக்குது. அதுதான் பெத்தது. முடிஞ்சுபோனது, எப்படி முடிஞ்சேன்னு ஒரு சேதி வெச்சுட்டுப் போகும். பெத்தது அதைக் கேட்டு வாங்கிக்கணும். அதுவரைக்கும் பேரு போகாது."

மாசிலாமணி திரையில் நின்ற பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கேமை எதுக்கு மூடினீங்க?"

"எனக்கு ஆடத் தெரியாதும்மா. சாயந்திரமானா போட்டுவிடுவேன். கேம்ல அவனோட ஆளு கோட்டை வாசல்ல நிப்பான். சிநேகிதப் பசங்களோட ஆளுங்களும் வந்து சுத்தி நின்னு பேசுவாங்க. நான் பதில் போடமாட்டேன், பார்த்துக்கிட்டிருப்பேன். உள்ள நான் இருக்கேன்னு யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"நேத்து ஒருத்தன் வந்து முகத்துக்கு நேரா நின்னான். நகரவே இல்ல. கீழே எழுத்து வந்துச்சு. 'அப்பா, நீங்கதான்னு தெரியும். நான் ஸ்டீபன். அன்னிக்கு வண்டியில பின்னாடி இருந்தவன். வீட்டுக்கு வந்தா கதவைத் திறக்க மாட்டேங்கறீங்க. அவன் கடைசியா ஒண்ணு சொன்னான்.'"



"என்ன சொன்னானாம்?"

"கேக்கல. மூடிட்டேன்."

திரையில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

"ஏம்மா, வேற யாராவது கேட்டு வாங்கிக்கக் கூடாதா?" மாசிலாமணி கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"பெத்தது இல்லாமப் போயிருந்தா வேற ஆள் வாங்கிக்கும். இங்கே பெத்தது உயிரோட இருக்கே ஐயா."