மாமரத்தடியில் மங்கா சொன்னது

மாம்பூ உதிரும் மாசிக் காலை. மலையடிவார ஆசிரமத்தின் தோப்பில் பனி இன்னும் கலையவில்லை. எந்த மரம் எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குரு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டக் கூட்ட உதிர்ந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

தணிகாசலம் வந்து வணங்கினார். குருவைவிட வயதில் மூத்த சீடர். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

அவர் பின்னால் நாகரத்னா நின்றாள். அவள் தோளில் தணிகாசலத்தின் மகள் மங்கா, தூக்கம் கலையாமல்.

“சாமி, நாகரத்னாவை அவ ஊருக்கு அனுப்பறேன். ஆசீர்வாதம் பண்ணுங்க.”

“அவளே போறேன்னாளா?”

“இல்ல. நான்தான்.”

நாகரத்னா, தணிகாசலத்தின் மனைவி வரலட்சுமிக்குத் தங்கை. போன வருஷம் வரலட்சுமி இறந்ததிலிருந்து குழந்தையை வளர்ப்பவள். அக்காவைப் போலவே மங்காவிடம் தெலுங்கில்தான் பேசுவாள். தணிகாசலத்துக்கு அந்த மொழி வராது. மனைவி அவரிடம் தமிழ் பேசினாள்; அதனால் கற்றுக்கொள்ளும் சிரமம் அவருக்கு வரவேயில்லை.

“மங்கா தமிழ்ல ஆரம்பிச்சுத் தெலுங்குல முடிக்கிறா சாமி. பள்ளிக்கூடத்துல சேக்கணும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு விட்டா எப்படி?”

“வரலட்சுமி ஞாபகத்துக்காவது அந்தப் பாஷை இருக்கட்டுமே.”

“ஞாபகமா?” என்றார் தணிகாசலம். “அம்மாவைச் சுத்தமா மறந்துட்டா சாமி. எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன்.”

“இப்போ ஒரு தடவை கேளுங்க.”

தணிகாசலம் குனிந்தார். “மங்கா, கண்ணு, அம்மா உன்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்க?”

“தெரியல.”

“அம்மா உங்கிட்ட என்ன பேசுவாங்க?”

“தெரியலப்பா.”

மங்கா சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தணிகாசலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்றவளைப் பிள்ளை மறப்பதைப் பார்ப்பது கொடுமை.

குரு நாகரத்னாவைப் பார்த்தார். “அதையே நீ கேளும்மா. உங்க பாஷையில.”

நாகரத்னா மாமரத்தடியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி, காதோரம் கேட்டாள்.

பூ உதிர்ந்தது.

பிறகு மங்கா கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தாள், கனவுக்குள்ளிருந்து பேசுவது போல. கையால் தண்ணீரை அளைந்து காட்டினாள். யாரோ நடந்து வருவதை இரண்டு விரலால் நடந்து காட்டிச் சிரித்தாள். ஒரு வாக்கியம்கூட இடறவில்லை. நாகரத்னா அழுதுகொண்டே சிரித்தாள். குருவுக்குத் தெலுங்கு தெரியும். அவரும் சிரித்தார்.

தணிகாசலத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு சொல் பிடிபட்டது. ‘நான்னா’. மங்கா தூக்கக் கலக்கத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது.

சொல்லி முடித்த மங்கா அப்படியே தூங்கிப்போனாள்.

“என்னைப் பத்தியா சொன்னா சாமி?”

“அவ சொல்லல. உங்க வீட்டம்மா சொன்னது. உங்களைப் பத்தி இவகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க.”

தணிகாசலம் மகளைக் குனிந்து பார்த்தார். வரலட்சுமி அதிகம் பேசாதவள். அவரைப் பிடித்திருந்ததா இல்லையா என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று துணிந்தபோது அவள் இல்லை.

அடிவாரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. நாகரத்னா தூங்கும் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். நெற்றியில் முத்தமிட்டாள். பனிக்குள் இறங்கி நடந்தாள்.

“வரலட்சுமி என்ன சொன்னாளாம் சாமி? தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“புருஷன் பொண்டாட்டி பேச்சு. நடுவுல நான் வரலாமா?” குரு துடைப்பத்தைக் கையில் எடுத்தார். “உங்க தெலுங்கு வாத்தியாரம்மா பஸ் ஏறப் போறாங்க, பாருங்க.”