டிராகனின் இடக்கண்

இளையோரே, ஒரு தூரிகையை யார் கையில் கொடுப்பது என்று கதையின் முடிவில் உங்களைக் கேட்கப்போகிறேன். ஆகவே அவசரமின்றிப் படியுங்கள். சிறு செய்தியையும் நழுவ விடாதீர்கள்.

சீன தேசத்துத் தென்மலைகளின் நடுவே, ஆற்றங்கரையில் ஷாங்வான் என்றோர் ஊர் இருந்தது. அவ்வூரார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டிராகன் தலையுள்ள நெடும்படகு ஒன்றைச் செய்வார்கள். செதில், கொம்பு, மீசை யாவும் முடித்தாலும் கண்மணியை மட்டும் வரையமாட்டார்கள். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், படகு நீரில் இறங்கிய பிறகே, ஒரே கை இரண்டு கண்மணிகளையும் செந்தூர மையால் இடும். அக்கணமே மரம் உயிர் பெறும்; டிராகன் அடுத்த படகு வரும்வரை ஊரின் மழையைக் காக்கும். அந்தத் தூரிகையை ஏந்துவதைவிடப் பெரிய பெருமை ஷாங்வானில் கிடையாது.

அவ்வாண்டு படகைச் செதுக்கியவள் பதினாறு வயது யுன்ஷி. அவள் உளி பட்ட செதில்கள் நீரிலிருந்து அப்போதுதான் எழுந்தவைபோல மின்னின. தன் வேலையின் அழகில் தானே மயங்கினாள். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், பட்டறையில் தனித்திருந்தவள், “ஒரு கண் மட்டும் வைத்துப் பார்ப்போம், பிறகு துடைத்துவிடலாம்” என்று வலக்கண்ணில் மணியை இட்டாள்.

டிராகன் விழித்தது. எதிரே ஆறு இல்லை. இடப்பக்கம் முழுவதும் இருள். மிரண்டுபோய்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, வானத்து மேகங்களையும் தன்னோடு இழுத்துச் சென்று வெண்பல் மலையின் உச்சியில் சுருண்டுகொண்டது. அன்று முதல் ஷாங்வானில் ஒரு துளி மழையில்லை. நாற்றங்கால்கள் வெடித்தன.

ஊர்த்தலைவி ஃபாங் எல்லோர் முன்னிலையிலும் வாக்களித்தாள்: “டிராகனை விழா நாளுக்குள் ஆற்றுக்கு அழைத்து வருபவருக்குத் தூரிகையும் உண்டு, படகின் முகப்பில் அவர் பெயரும் உண்டு. ஆனால் உரிமையற்ற கை தொட்டால் இடக்கண் ஒருநாளும் திறக்காது. அப்புறம் நமக்கு இந்த மண்ணில் இடமில்லை.”

மூவர் புறப்பட்டனர். ஒருத்தி யுன்ஷி. மற்றவர்கள் துடுப்பு வீரன் தாவெய், படகுப் போட்டியில் முரசு கொட்டும் ஹேஜிங்.

“அரைக்கண் சிற்பியாரே, எதற்கு வருகிறீர்? இன்னொன்றைப் பறக்க விடவா?” என்று வழியில் தாவெய் சீண்டினான்.

“அவள் படகு பறக்கவாவது செய்தது. நீ ஓட்டியது போன ஆண்டுப் போட்டியில் சேற்றில் உட்கார்ந்துகொண்டதே!” என்றாள் ஹேஜிங்.

யுன்ஷியும் சிரித்துவிட்டாள்.

உச்சியில் மூவரும் டிராகனைக் கண்டனர். இடப்புறமாகப் பதுங்கிச் சென்றால் அது பார்க்காது. யுன்ஷியோ பார்வையுள்ள வலப்புறத்துக்கே நடந்து, அதன் கண்ணுக்கு நேராக நின்றாள்.

“உன்னை அரைகுறையாக விட்டவள் நான்தான். அன்று மை தீர்ந்து போகவில்லை, விழா வரை காத்திருக்கும் பொறுமைதான் எனக்கு இல்லாமல் போயிற்று. வா, முடித்துத் தருகிறேன்.”

டிராகன் சீறியது. அனல் மூச்சில் அவளுடைய சட்டைக்கை கருகியது. அவள் ஓரடியும் பின்வாங்கவில்லை. மெல்ல மெல்ல அந்தப் பெருஞ்சுருள் அவிழ்ந்தது.

கீழே இறங்கும் மலையிடுக்கு குறுகலானது. இருண்ட பக்கத்துப் பாறைகளுக்கு அஞ்சி டிராகன் தயங்கவே, தாவெய் பாய்ந்து அதன் இடக்கொம்பைப் பற்றிக்கொண்டான். “வலப்பக்கம் ஒதுங்கு! பாறை!” என்று கத்திக்கொண்டே வந்தான். பாறை உரசித் தோள் கிழிந்தபோதும் பிடியை விடவில்லை. பிறகு மூடுபனி கவிந்து பார்வையுள்ள கண்ணையும் மறைத்தது. ஹேஜிங் முன்னால் ஓடியபடியே படகுப் போட்டியின் தாளத்தைக் கொட்டினாள். ஆற்றங்கரையில் மரமாக நின்ற நாளிலேயே டிராகன் கேட்டு வளர்ந்த தாளம் அது. அவள் உள்ளங்கை வெடித்து இரத்தம் வந்தது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.

விழா நாளின் மாலையில் டிராகன் ஆற்றில் இறங்கியது. ஊர் ஆர்ப்பரித்தது. ஃபாங் தூரிகையை மையில் தோய்த்து எடுத்தாள்.

“நான் பிடித்திராவிட்டால் அது பாறையில் சிதறியிருக்கும்” என்றான் தாவெய்.

“என் முரசு இல்லையென்றால் நீயும் அதுவும் இன்னும் பனியில்தான் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்” என்றாள் ஹேஜிங்.

யுன்ஷி கை நீட்டினாள். “தலைவி அம்மா, பெயர் எனக்கு வேண்டாம். தூரிகையைத் தாருங்கள்.”

“தப்புச் செய்தவளுக்கே பரிசா? நன்றாயிருக்கிறது நியாயம்!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

தாவெயும் ஹேஜிங்கும் சொன்னதும் உண்மை, கூட்டத்துக் குரல் சொன்னதும் உண்மை. கதிரவன் மலைவாயில் சாய்ந்துகொண்டிருந்தான். தூரிகையில் மை உலர்ந்துகொண்டிருந்தது.

வாசகரே, ஃபாங்கின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். தூரிகை யாருக்கு உரியது? பெயர் யாருக்கு உரியது?

விடை: தூரிகை யுன்ஷிக்கு, பெயர் மற்ற இருவருக்கும். இரண்டு கண்களையும் ஒரே கை இட வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒரு கண்ணை இட்ட கை யுன்ஷியுடையது. அன்று அந்தத் தூரிகை பரிசாக இருக்கவில்லை, பாதியில் நின்ற கடமையாக இருந்தது. பரிசாகிய பெயரோ, பிறர் பிழைக்காகத் தம் தோளும் கையும் கிழிய டிராகனைக் கொண்டுவந்து சேர்த்த இருவருக்கும் உரியது. பிழை செய்தவர் ஒதுங்கிப் போவது எளிது. பார்க்கும் கண்ணுக்கு நேரே நின்று அதை முடித்துக் கொடுப்பதே நிமிர்ந்த வாழ்க்கை. அவள் மணியை இட்டாள். இடக்கண் திறந்தது. அதுவரை தன் இருளில் தொங்கிக்கொண்டு வந்தவன் யாரென்று அறியாத டிராகன், முதன்முதலாகத் தாவெயின் முகத்தைப் பார்த்துத் தலை தாழ்த்தியது. முதல் மழைத்துளி ஹேஜிங்கின் முரசில் விழுந்து ஒலித்தது. அந்த மழையில் நனைந்தபடி, தாவெய், ஹேஜிங் என்னும் இரண்டு பெயர்களையும் முகப்பில் செதுக்கியது யுன்ஷியின் உளி.