நஞ்சம்மா போட்ட முடிச்சு

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சு. ஊரு இந்தக் கரைல, பள்ளிக்கூடம் அந்தக் கரைல. ஊரைவிட ஆறுதான் பெருசு, அதனால ஆத்துலருந்தே ஆரம்பிக்கிறேன். கண்ண மூடிக்கோ. ஆனா ம் கொட்டணும், இல்லேன்னா நான் என்ன செவுத்துக்கா கதை சொல்றது?

ம்... அப்படித்தான்.

அந்த ஊர்ல மாதின்னு ஒரு பொண்ணு, பத்து வயசு. அவளுக்கு அம்மா மட்டுந்தான். அம்மா பேரு நஞ்சம்மா. நஞ்சம்மாவோட தம்பிய ஒரு ஆடி மாச வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அன்னைலருந்து ஆத்துச் சத்தம் கேட்டாலே அவ மகளக் கையப் பிடிச்சு வீட்டுக்குள்ள இழுத்துக்குவா. ஆனா பள்ளிக்கூடத்துல கறாரா சொல்லிட்டாங்க. ஆத்தத் தாண்டி வர்ற பிள்ளைங்க எல்லாம் துடுப்பு போடவும், தண்ணில விழுந்தா தப்பிக்கவும் கத்துக்கணும்னு. அதுக்காகத் தெய்வானை அக்கான்னு ஒருத்தி வந்தா. ஆறு நாள் கரையோரமா சொல்லிக்குடுத்தா. ஏழாம் நாள், ரப்பர் படகுல ஏறி கீழ்த்துறை வரைக்கும் போறோம்னுட்டா.

அன்னைக்குக் காலைல நஞ்சம்மா ஒரு கயித்தக் கொண்டாந்தா.

"உனக்கு நீச்சல் பழக்குனப்ப இடுப்புல கயிறு கட்டித்தானே கிணத்துல இறக்குனேன்? ஒரு தடவையாச்சும் முழுகுனியா?"

"இல்லம்மா."

"அப்ப இதையும் கட்டிக்கோ. இன்னொரு முனைய படகுல கட்டிரு. யாருக்கும் காட்டாத."

கன்னுக்குட்டியக் கட்டுவாங்களே, தொங்குற கயித்து வால இழுத்தா சடக்குனு அவுந்துருமே, அந்த முடிச்சு. அதத்தான் நஞ்சம்மா மக இடுப்புல போட்டா. அப்புறம் தலையக் குனிஞ்சு காட்டுனா. "தரைக்கு வர்ற வரைக்கும் இந்த வால இழுக்கமாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

மாதி சத்தியம் பண்ணிட்டா. தலைல அடிச்ச சத்தியத்த மீறுனா அந்தத் தலை வெடிச்சுரும்னு அவகூடப் படிக்கிற சென்னப்பன் சொல்லியிருக்கான். அவன் சொன்னா அவளுக்கு அது அப்படியே வேதம். உனக்கு உன் சிநேகிதி சொல்றது மாதிரி. சிரிக்காத, ம் கொட்டு.

அப்புறம் எல்லாரும், விழுந்தா மெதக்க வைக்கிற லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு படகுல ஏறுனாங்க. மாதி, சென்னப்பன், இன்னும் ரெண்டு பிள்ளைங்க, பின்னாடி அக்கா. யாரும் பாக்காதப்ப மாதி கயித்து முனைய படகோட ஓரத்துல கட்டிட்டா. கட்டி முடிக்கல, அக்கா ஆரம்பிச்சுட்டா.

"கடைசியா ஒண்ணு. யாரும் ஒடம்புல கயிறு கட்டக்கூடாது. கிணத்துத் தண்ணி நிக்கும், ஆத்துத் தண்ணி ஓடும். ஓடுற தண்ணில கயிறு உங்களப் பிடிச்சு நிறுத்துனா, தண்ணி தலைமேல ஏறி அமுக்கிரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது"ன்னு எல்லாரும் கத்துனாங்க. மாதிக்கு மட்டும் வாய் வரல. சொன்னா அவுக்கச் சொல்லுவா. அவுத்தா அம்மா செத்துருவா. கயிறு தெரியாம சட்டைய இழுத்து விட்டுக்கிட்டா.

படகு போச்சு. சளக், சளக், சளக்.

மொதல்ல ஒரு சின்ன அலை. தொப்புன்னு சென்னப்பன் விழுந்துட்டான்! எந்திரிச்சு நிக்கப் பாத்தான். "நிக்காதடா! கால் பாறைச் சந்துல மாட்டிக்கும்! மல்லாக்கப் படு, கால முன்னால நீட்டு!"ன்னு அக்கா கத்துனா. அவன் அப்படியே படுத்தான், லைஃப் ஜாக்கெட்டு அவனத் தூக்குச்சு, அக்கா எட்டிப் பிடிச்சு இழுத்துப் போட்டா. அவன் இளிச்சான். மாதி படகு ஓரத்த ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் நடு ஆத்துல ஒரு மணல் திட்டு வந்துச்சு. "அக்கா, என்ன இங்க இறக்கி விட்டுருங்க"ன்னு அழுதா மாதி. "இங்க கால் வைக்கக்கூடாது கண்ணு. மணலுக்குள்ள ஆமை முட்டை போட்டிருக்கு, மிதிச்சா அத்தனையும் போயிரும். கொஞ்சம் கீழ போயி இறக்குறேன்"ன்னா அக்கா. அப்பவாச்சும் கயித்தப் பத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

தூங்கிட்டியா? ... ம். இனிமேதான் பயம். என் கையப் பிடிச்சுக்கோ.

மூணாவது வளைவு திரும்புனாங்க. கட கட கடன்னு ஒரு சத்தம். நேத்து வரைக்கும் கரைல நின்ன பெரிய மருத மரம், ஆத்துக்குக் குறுக்க விழுந்து கெடக்கு! வேருக்குக் கீழ இருந்த மணல யாரோ லாரி லாரியா அள்ளிட்டாங்க. வேரு எதப் பிடிச்சு நிக்கும்? விழுந்துருச்சு. தண்ணி கிளைக்குள்ள பூந்து போகுது, ஆனா ஆளு போக முடியாது. டீ வடிகட்டில தூள் நிக்கிற மாதிரி நின்னுரும்.

"மரத்து மேல ஏறுங்க! கீழ போயிராதீங்க!"ன்னு அக்கா கத்துனா. படகு மரத்துல மோதி, தடால்னு சாஞ்சு, கிளைல மாட்டிக்கிச்சு. மத்தவங்க கிளையப் பிடிச்சு ஏறிட்டாங்க. மாதி உக்காந்திருந்தது மரத்து நுனிப் பக்கம். அவள தண்ணி நுனியச் சுத்தி அந்தப் பக்கம் வீசிருச்சு. தப்பிச்சாளா? அதான் இல்ல. கயிறு விண்ணுன்னு இழுத்துப் பிடிச்சுருச்சு.

தண்ணி அவ தலைமேல ஏறுச்சு. குபு குபு குபு. காதுல தண்ணி, மூக்குல தண்ணி. ஒரு தடவ எம்பி மூச்சு எடுத்தா. திரும்ப உள்ள அமுக்குச்சு. ரெண்டாவது தடவ எம்புனா. "மாதி! கயிறாடி கட்டியிருக்க? அவுருடி!"ன்னு அக்கா கதறுனது கேட்டுச்சு. திரும்ப உள்ள. கைல முடிச்சோட வால் தட்டுப்படுது. ஒரு இழுப்புதான். ஆனா இழுத்தா அம்மா தலை என்னாகும்? கையப் பின்னுக்கு எடுத்துட்டா.

மூணாவது தடவ எம்பப் பாத்தா, முடியல. நெஞ்சு எரியுது. கண்ணு இருட்டுது. "அம்மா, அம்மா, மன்னிச்சுரும்மா"ன்னு மனசுக்குள்ள அழுதுக்கிட்டே இழுத்துட்டா.

சடக்.

லைஃப் ஜாக்கெட்டு அவள பந்து மாதிரி மேல தூக்குச்சு. மல்லாக்கப் படுத்து, கால முன்னால நீட்டி, தண்ணியோடவே போனா. தண்ணி அடங்குன எடத்துல தவழ்ந்து கரையேறிட்டா. உயிரு வந்துருச்சு. ஆனா அவளுக்கு சந்தோசமே இல்ல. அம்மாவுக்கு என்னாச்சோன்னு முள்ளு குத்துறதுகூடத் தெரியாம ஓடுறா, கீழ்த்துறைக்கு.

அங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போக வந்தவங்க ஒரே கூட்டம். நடுவுல நஞ்சம்மா தரைல கெடக்குறா, ஆடாம அசையாம. ஆடு மேய்க்கிற ஒருத்தர் ஓடி வந்து "படகு கவுந்துருச்சு"ன்னு சொன்னதுதான், நின்ன எடத்துலயே விழுந்துட்டாளாம். அது மாதிக்குத் தெரியாதே! "நான்தான் கொன்னுட்டேன்! எங்கம்மாவ நான்தான் கொன்னுட்டேன்!"ன்னு அலறிக்கிட்டு மேல போயி விழுந்தா. ஈர முடியிலருந்து அம்மா மூஞ்சில தண்ணி சொட்டுச்சு.

நஞ்சம்மா கண்ணத் தொறந்தா.

"அம்மா... நான் வால இழுத்துட்டேம்மா. சத்தியத்த மீறிட்டேன்."

நஞ்சம்மாவுக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அப்போ சட்டைய விலக்கி மக இடுப்பப் பாத்தா. கயிறு இறுக்குன தடம், ரத்தம் கட்டிச் செவப்பா ஒரு சுத்து. அவ அந்தத் தடத்தத் தடவுனா. "நான் கட்டுனதாடி இது? நீ அவுத்ததாலதான்டி நீ எனக்கு இருக்க"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அக்காவும் மத்த பிள்ளைங்களும் கரையோரமா நடந்தே வந்து சேர்ற வரைக்கும் அவ மகள விடவே இல்ல.

அவ்வளவுதான் சாமி, கதையும் கரையேறிருச்சு, எல்லாரும் பத்திரமா இருக்காங்க. நீயும் மல்லாக்கப் படு, கால நீட்டு. நான் இங்கதான் இருக்கேன், தூங்கு.