திறப்பு விழாவுக்கு வந்த மொய்

கண்காட்சி தொடங்கிய காலையிலேயே படமெல்லாம் விற்றுப்போனது. அதுதான் கோளாறு.

வரைந்தவர் தெய்வநாயகம். தாலுகா ஆபீஸில் ஓய்வு பெறும் காலத்தில் தூரிகை பிடித்தவர். மத்தியானம் நேரே தன் ஓவிய டீச்சர் எஸ்தர் வீட்டுக்குப் போய் நின்றார். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனாலென்ன, குரு குருதான்.

"டீச்சர், எல்லாம் போயிருச்சு."

"எது?"

"படம். அத்தனையும் வித்துப்போச்சு."

"சந்தோஷம்தானே."

"ஒருத்தர்கூடப் பார்க்கலை டீச்சர்."

டீச்சர் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"யார் வாங்குனது?"

"சித்தப்பா வீடு, மச்சான் வீடு, சம்பந்தி வீடு. வந்தாங்க, சந்தனம் பூசிக்கிட்டாங்க, ஆளுக்கொரு படத்தைக் கைகாட்டிட்டுக் கேசரி சாப்பிடப் போயிட்டாங்க. சட்டத்துக்குக் கீழே 'உபயம்'னு தன் பேரைப் போடணுமாம். மச்சான் சொல்லிட்டுப் போறார்."

"வாசல்ல என்ன கட்டியிருந்தீங்க?"

தெய்வநாயகம் தலை குனிந்தார்.

"வாழை மரம்."

"எப்படி அழைச்சீங்க?"

"வீடு வீடாப் போயி. தாம்பாளத்துல பத்திரிகை வெச்சு."

"மேளம்?"

"ஒரே ஒரு நாதஸ்வரம் டீச்சர். அதுவும் தெரிஞ்ச ஆளு."

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டீங்க. மொய் வெச்சுட்டுப் போனாங்க. அவங்க மேல என்ன தப்பு?"

தெய்வநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு வருஷம் வரைஞ்சேன் டீச்சர். நின்னு பார்க்க ஒரே ஒரு ஆள் வேணும். அதுகூட இல்லேன்னா, பெயின்ட் டப்பாவைக் கட்டிப் பரண்ல போட்டுடுறேன்."

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். கை கழுவினார்.

"வாங்க."

கண்காட்சி நடந்த சமுதாயக் கூடத்தில் யாரும் இல்லை. டீச்சர் ஒவ்வொரு படமாகக் கழற்றினார். முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார். வெறும் பலகையும் ஆணியும் தெரிந்தன.

"டீச்சர், என்ன இது?"

"பேசாம இருங்க."

சாயங்காலம் சொந்தக்காரர்கள் படத்தை எடுத்துப்போக வந்தார்கள். டீச்சர் வாசலை மறித்து நின்றார்.

"உங்க படத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க. எடுத்துட்டுப் போங்க."

சித்தப்பா யோசித்தார். "மலை."

"மலையே வரையலை."

"அப்போ கடல்."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன பரீட்சையா? காசு குடுத்தாச்சு. சரக்கை எடும்மா."

"என்ன சரக்கு?"

"அது... ஒரு பொம்பளை. உட்கார்ந்திருக்கா."

"அது எருமை, மச்சான்" என்றார் தெய்வநாயகம்.

கூடமே சிரித்தது. தெய்வநாயகம் சிரிக்கவில்லை. பரணில் இடம் இருக்கிறதா என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக வந்தவர் சம்பந்தியம்மாள். மகளின் மாமியார். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆறிப்போன காப்பி கொடுத்தார்கள் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவர்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"பஸ் ஸ்டாண்டு. மழை விட்டிருக்கு. பெஞ்சுல ஒரு ஆளு, மடியில பலாப்பழம். பஸ் போயிருச்சு, ஆளு பதறலை. ஏன் பதறலைன்னு மத்தியானமெல்லாம் எனக்கு அதே நினைப்பு."

டீச்சர் வழி விட்டார். சம்பந்தியம்மாள் நகரவில்லை.

"இன்னொண்ணு. தரையெல்லாம் தண்ணி நிக்குது. அந்தாளு காலு மட்டும் காஞ்சு கெடக்கு. அதெப்படி?"

கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

டீச்சர் படத்தைத் திருப்பினார். குனிந்து பார்த்தார். கால் காய்ந்துதான் கிடந்தது. டீச்சர் கண்ணிலும் அது பட்டதில்லை.

தெய்வநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்புதான் சம்பந்தியம்மா. இப்பவே நனைச்சுடுறேன்."

"நனைங்க. நான் நிக்கிறேன்."

தெய்வநாயகம் பெயின்ட் டப்பாவைத் தேடி ஓடினார்.

மச்சான் தன் படத்தைத் தானே திருப்பினார். எருமையை உற்றுப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"மாமா, இங்க வாங்க. இதுக்குக் கொம்பு சரியா இருக்கா?"

சித்தப்பா கிட்டே வந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒவ்வொரு சுவரிலும் பலகை திரும்பியது. எருமைக்கு ஆதரவாக ஒரு கட்சி, எதிராக ஒரு கட்சி. யாரும் கிளம்புகிற வழியாக இல்லை.

அப்போதுதான் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். காலை விழாவைத் தவறவிட்டவர்.

"கண்காட்சியைத் திறந்து வெச்சது யாருங்க?"

டீச்சர் தெய்வநாயகத்தைப் பார்த்தார்.

தெய்வநாயகம் படத்து ஆளின் ஈரக் காலிலிருந்து தூரிகையை எடுக்காமலே சொன்னார்.

"எங்க சம்பந்தியம்மா. பேரு பொற்கொடி. எழுதிக்குங்க."