பத்துக்குள் பதினொன்று

அன்று தூத்துக்குடியில் அந்த ஏற்றுமதி ஆவண அலுவலகத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேர். முதலாளி சந்தியாகு, மேலாளர் செல்லக்கனி, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம், ஆவணம் தயாரிக்கும் பதினொருவர். பதினொருவரில் மூத்தவள் லூர்தம்மாள், புதியவள் மெர்லின். இந்தப் பதினொருவருக்கும் ஆளுக்கொரு கணினி. கோப்புகள் முழுவதும் மூலையில் தனியாக இருந்த ஒரு சாதாரணக் கணினியில்.

மெர்லின் ஏற்கெனவே இரண்டு கப்பல்களைத் தவறவிட்டவள். மூன்றாவதும் தவறினால் வேலை போய்விடும். அன்றைய கப்பலுக்கு மாலை நான்கு மணிக்குள் ஆவணங்கள் போயாக வேண்டும். காலையில் கோப்பைத் திறந்தாள். இணைப்புக்கு இடமில்லை என்று வந்தது.

"என்னைய மட்டும் யாரோ வெளிய நிப்பாட்டுதாவ," என்று ஆரோக்கியத்தை முறைத்தாள்.

"ஒனக்குன்னு தனிப்பூட்டு செய்ய எனக்கு நேரமிருக்கா, மக்கா?" என்றான் அவன். மூலைக் கணினி சர்வர் அல்ல. அதன் உரிமப்படி ஒரே நேரத்தில் பத்து இணைப்புகள்தான். பேருந்தில் கடைசியாக வருபவள் மெர்லின்; அதற்குள் பத்தும் நிரம்பிவிட்டது.

ஆரோக்கியம் நடுவில் ஒரு சிறு கணினியை வைத்து, பதினொன்றையும் அதன் வழியே விட்டான். எல்லோரும் உள்ளே போனார்கள். செல்லக்கனிக்குச் சந்தேகம் வந்தது.

"ஒண்ணும் வாங்கல. பொறவு எப்படிவே பதினொண்ணும் உள்ள போச்சு?"

"வாசல்ல மூலைக் கணினி ஒரு ஆளத்தான் பாக்குது அண்ணாச்சி. பின்னால எத்தன பேர்னு அதுக்குத் தெரியாது."

"நமக்குத் தெரியும்லா."

அவர் உரிம ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார்: நடுவில் எது இருந்தாலும், பின்னால் உள்ள ஒவ்வொரு கருவியும் ஓர் இணைப்பே. இரண்டு மணிக்கு நடுக்கணினியின் கம்பியைப் பிடுங்கிவிட்டார். பத்துப் பேர் திரும்ப நுழைந்தார்கள். மெர்லின் மறுபடியும் வெளியே.

லூர்தம்மாள் தன் கோப்பை மூடி இணைப்பிலிருந்து விலகினாள். "ஏட்டி, சட்டுன்னு உள்ள போ," என்றாள்.

முதலாளி ஒரு சர்வர் வாங்கச் சொன்னார். அது வந்து சேர ஒரு மாதமாகும். அதுவரை இன்று யாராவது ஒருவர் செய்த வழியில்தான் வேலை நடக்க வேண்டும் என்றார். வழிவிட்ட ஆரோக்கியம், தடுத்த செல்லக்கனி, விலகிய லூர்தம்மாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: லூர்தம்மாள். ஆரோக்கியம் எண்ணிக்கையை மறைத்தான், குறைக்கவில்லை. செல்லக்கனி எண்ணிக்கையைக் காத்தார், ஆளைக் காக்கவில்லை. அவள் விலகியதால்தான் பத்தும் பத்தாகவே இருந்தது, மெர்லினும் உள்ளே போனாள். மெர்லின் தன் ஏழு ஆவணங்களையும் அனுப்பி முடித்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. நான்கு மணிக்கு லூர்தம்மாளின் மேசையில் அனுப்பாத ஆவணம் ஒன்று மீதி.